எர்த் குச்சி

சவரிமுத்து பாடம் கேட்கப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு முப்பத்து மூன்று. அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். டீச்சர் அவரை அண்ணா என்றார்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால், ஒரு மாடியறை. கல்லூரிகள் கழித்துப் போட்ட ஆசிலாஸ்கோப்புகள் அங்கே சுவரோரம் அடுக்கியிருக்கும். கம்பிக்குள் மின்சாரம் எப்படித் துடிக்கிறது என்பதைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி அது. வீட்டில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் கட்டிப் பார்க்கும் ஆசைக்காரர்கள், எடைக்கு வந்த பெட்டியை மலிவாக வாங்கிக்கொண்டு டீச்சரிடம் வருவார்கள். டீச்சர் சரிசெய்து தர மாட்டார். "உட்காருங்க, நீங்களே பண்ணுங்க" என்பார்.

சவரிமுத்துவின் பெட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. நான்கு வாரம் பிளக்கையே தொட விடவில்லை டீச்சர். தூசி தட்டச் சொன்னார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களில் உப்பிப்போனவற்றை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு சுவிட்சாகத் துடைக்கச் சொன்னார்.

"எப்பங்க டீச்சர் கரண்ட் கொடுக்கலாம்?"

"அவசரம் போனதுக்கப்புறம்."

ஐந்தாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கியது. சவரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. புள்ளி நீண்டு கோடாயிற்று.

கோடு சட்டென்று அணைந்தது.

சவரிமுத்து பிளக்கைப் பிடுங்கினார். மூடி திறந்தே இருந்தது. படக்குழாயின் பின்னால் ஒரு வயரின் ஈயப் பற்றவைப்பு விட்டிருப்பது கண்ணில் பட்டது. கையை உள்ளே நீட்டினார்.

"கையை எடுங்கண்ணா."

டீச்சரின் குரல் உயரவில்லை. ஆனால் சவரிமுத்துவின் கை அப்படியே நின்றது.

"பிளக்கைப் பிடுங்கிட்டனே, டீச்சர்."

"அது உங்களுக்குத் தெரியும். உள்ள இருக்கற கெபாசிட்டருக்குத் தெரியுமா?"

மேசையிலிருந்து எர்த் குச்சியை எடுத்துக் கொடுத்தார் டீச்சர். முழ நீள மரக்குச்சி. நுனியில் உலோக முனை. தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட, முனையிலிருந்து ஒரு வயர் பெட்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போயிற்று. சவரிமுத்து அதைக் கெபாசிட்டரின் முனையில் வைத்தார்.

படீர் என்று நீலப் பொறி தெறித்தது.

"ரெண்டாயிரம் வோல்ட்" என்றார் டீச்சர்.

சவரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தெரியாதவன் கை வைத்தாலாவது பரவாயில்லை. அவருக்கு இது தெரியும். அவர் ஒரு மில்லில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்.

பொறி தெறித்த இடத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"துரைக்கண்ணுன்னு ஒருத்தன், டீச்சர். நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். மில்லுல பெரிய கெபாசிட்டர் பேனல் இருக்கும். ஒருநாள் நான் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, கை வைடான்னு சொன்னேன். எர்த் பண்ணலை. என் பேச்சை நம்பிக் கை வெச்சான். வலது கை போச்சு."

டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"விசாரணை வந்துது. நான் சொல்றதுக்கு முன்னாலயே அவசரப்பட்டுக் கை வெச்சுட்டான்னு எழுதிக் கொடுத்துட்டேன். அவன் மயக்கத்துல கிடந்தான். முழிச்சப்ப அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததையே அவனும் நம்பிட்டான். பதினோரு வருஷம் ஆச்சு."

வெளியே யாரோ தகரத்தை இழுத்துப் போட்டார்கள்.

டீச்சர் பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்தினார். "இன்னைக்கு இது போதும். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

சவரிமுத்து வீட்டுக்குப் போகவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஏறினார். துரைக்கண்ணு வாசலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வா என்று சிரித்தார். சவரிமுத்து உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

துரைக்கண்ணு உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அவசரக்காரன்னு என் மகன்கூட என்னைச் சொல்லுவான். ஆமாம்னு நானும் கேட்டுக்குவேன்."

எழுந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சவரிமுத்து அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியறைக்கு வந்தபோது முகம் வற்றியிருந்தது. டீச்சர் துணியை எடுத்தார்.

"போடுங்க. மறுபடியும் பார்க்கலாம்."

கோடு வந்தது. சூடேறியதும் அணைந்தது. சவரிமுத்து பிளக்கைப் பிடுங்கினார். இந்த முறை மறக்கவில்லை. குச்சியை எடுத்து முனையில் வைத்தார். பொறி தெறித்தது. குச்சியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லிட்டேன், டீச்சர்."

நடந்ததையெல்லாம் சொன்னார். வெங்காயம், மகன், தாழ்ப்பாள். சொல்லச் சொல்லக் குரல் கெட்டியாயிற்று.

"பதினோரு வருஷமா உள்ள வெச்சிருந்ததை இறக்கிட்டேன். இனி அவன் திட்டினாலும் சரி, பேசாம இருந்தாலும் சரி. என் பக்கம் முடிஞ்சுது. இனிமே அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை."

டீச்சர் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி நீட்டினார். சவரிமுத்து அதை வலது கையில் வாங்கிக்கொண்டு இடது கையைப் பெட்டிக்குள் கொண்டுபோனார்.

"குச்சி?"

"இப்பத்தான் வெச்சேனே. நீங்க பார்த்தீங்க."

"வைங்க."

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. பிளக் தரையில் கிடந்தது. பொறியும் போய்விட்டது. இன்னும் என்ன பரீட்சை என்று நினைத்தார். கோலைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுத்து, வேண்டாவெறுப்பாக முனையில் தொட்டார்.

டப்பென்று ஒரு பொறி.

முன்னதைவிடச் சின்னதுதான். ஆனாலும் அவர் கை பின்னுக்குத் துள்ளியது. குச்சியைப் பார்த்தார். தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார்.

"எங்கிருந்து வந்துதுங்க டீச்சர்? எல்லாத்தையும் இறக்கிட்டனே."

"மேல இருந்ததை இறக்கினீங்க. உள்ளே ஊறிக் கிடந்தது மெதுவா மேல வந்திருக்கு. நல்லா இருக்கற கெபாசிட்டரும் அப்படித்தான்."

"நான் பேசிட்டிருந்த நேரத்துலயா?"

"அந்த நேரத்துலதான்."

சவரிமுத்து மறுபடி தொட்டார். சத்தம் வரவில்லை. குச்சியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் தொட்டார். மெல்லிய ஒரு டிக். காது கொடுத்தால்தான் கேட்கும்.

பற்றவைக்கும் கோலிலிருந்து புகை நூலாக எழுந்துகொண்டிருந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சிங்காநல்லூர் பஸ் திரும்பும் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி எத்தனை தடவைங்க டீச்சர் வைக்கணும்?"

மெஹருன்னிசா குச்சியை அவர் கையிலிருந்து வாங்கினார். அதைக் கெபாசிட்டரின் முனையில் அழுத்தி வைத்து, நழுவாதபடி ஒரு நாடாவால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்.

"வெச்சு வெச்சு எடுத்தா எண்ணிட்டேதான் இருக்கணும்ங்கண்ணா. வேலை முடியற வரைக்கும் எடுக்காதீங்க."