அட்டைப்படத்துக்குப் போன வேலாண்டி

கிணத்துமேட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. எடுத்தால் தீர்ந்துபோகுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் படிப்பகத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு மலர் வரும். ஊர்க்காரர்கள் எழுதின கதை, கவிதை, வரைந்த படம் எல்லாம் அதில் இருக்கும். நாற்பது பக்கம். பத்துப் பக்கம் தலைவர் மாசானத்தின் வாழ்த்துரைக்குப் போய்விடும். மிச்சத்தில் ஊரே கவிதை எழுதும். எழுதாதவர்கள் இரண்டே பேர்: ஆடு மேய்க்கிற வேலாண்டியும் அவருடைய கிடாவும். கிடா எழுதியிருந்தால் நன்றாகவே வந்திருக்கும்.

பீடி சுற்றுகிற முத்துப்பேச்சிக்கு ஒரே ஆசை. மலரின் அட்டையில் தான் வரைந்த படம் வரணும். ஐந்து வருஷமாகக் கொடுக்கிறாள், ஐந்து வருஷமாகத் திரும்பி வருகிறது. கிணற்றை வரைந்தாள், தண்ணீர் இறைக்க முடியவில்லை என்றார்கள். மழையை வரைந்தாள், அட்டை நனைந்துவிடும் என்றார்கள். எருமையை வரைந்தபோது மலர்க்குழு கூடி ஒரு மணி நேரம் பேசி, "இது எங்க வீட்டு எருமை இல்ல" என்று ஆளுக்கொரு தடவை சொல்லித் திருப்பிக் கொடுத்தது.

ஆறாவது வருஷம் அவள் வேலாண்டியை வரைந்தாள். மூன்று மாசம் உட்கார்ந்து வரைந்த படம். தலைப்பாகை, மீசை, தோளில் ஆட்டுக்குட்டி, ஒன்றும் விட்டுப்போகவில்லை. குழுவுக்கே பிடித்துப்போனது. எந்தக் கெட்ட காரியமும் இந்த ஊரில் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

டவுன் அச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. செயலாளர் ஆதிமூலம் உரக்க வாசித்தார்.

"அட்டைக்கு அசலையே கொண்டுவரவும். நகல் வேண்டவே வேண்டாம். மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டவும். மேலே எதையும் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வராவிட்டால் அட்டையில் படம் கிடையாது."

தலைவர் மாசானம் தாடையைத் தடவினார். "ஏ பிள்ள முத்துப்பேச்சி, இந்தப் படத்தை எப்படி வரஞ்ச?"

"வேலாண்டி மாமாவப் பாத்துதான் அண்ணாச்சி."

"பாத்தா?"

"பின்னே, கண்ணை மூடிக்கிட்டா வரைவாங்க?"

"பாத்துப் போட்டா அது நகல்" என்றார் குப்பாண்டி. குழுவில் பிழை திருத்துகிறவர் அவர். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதி மூன்று தடவை பிடிபட்டவர். அந்த விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

"அப்ப அசல் எங்கே?"

மூன்று பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அசல் வேப்பமரத்தடியில் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தது.

முத்துப்பேச்சி குறுக்கே புகுந்தாள். "அண்ணாச்சி, அச்சாபீஸ்காரரு ஆளை வச்சு என்ன செய்வாரு?"

"அது அவர் தொழில். அதுல நாம தலையிடப்படாது."

வேலாண்டிக்கு ஆட்சேபணை இல்லை. அட்டையில் வருகிறோமே என்று மீசைக்கு எண்ணெய் வேறு போட்டுக்கொண்டார். அவர் நீளத்துக்கு அட்டை ஊரில் எங்கே கிடைக்கும்? படிப்பகத்தின் கதவு இரண்டையும் கழற்றி, நடுவில் அவரைப் படுக்கவைத்து, கயிற்றால் கட்டினார்கள். முத்துப்பேச்சி படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள். இவர்களை நம்பிப் பீடிக்கட்டைக்கூட அனுப்ப மாட்டாள், படத்தையா அனுப்புவாள்?

பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார். "யோவ், அவரை அவுத்து சீட்ல உக்கார வைய்யா!"

"உக்காந்தா மடிஞ்சிரும்" என்றார் ஆதிமூலம்.

கடைசியில் கூரைமேல் ஏற்றினார்கள். யாரோ அதன்மேல் தேங்காய் மூட்டையை வைக்கப் போக, மாசானம் பஸ்ஸுக்கு முன்னால் படுத்துத் தடுத்துவிட்டார். கதவுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, முதுகு அரிக்கி."

"அரிக்கட்டும். சொறிஞ்சா அசல் கீறிப்போகும்."

அச்சகத்தில் கயிற்றை அவிழ்த்தபோது மணி நாலே முக்கால். வேலாண்டி எழுந்து நின்று மீசையை முறுக்கினார். கதவின் சட்டமெல்லாம் முதுகில் பதிந்திருந்தது. அச்சகக்காரர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"படம் எங்கேய்யா?"

"நகலை எதுக்குக் கேக்கீக?" என்றார் மாசானம், ரொம்ப மரியாதையாக.

முத்துப்பேச்சி பாய்ந்துபோய்ப் படத்தை நீட்டினாள். அச்சகக்காரர் வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்தார். "இதுதான்யா அசல்! பிரமாதம்!"

குழு ஓர் ஓரமாகப் போய்க் குசுகுசுத்துவிட்டுத் திரும்பி வந்தது. குப்பாண்டி தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷமா அச்சாபீஸ் நடத்துறவரு. அவரே அதை அசல்னு சொல்லிட்டாரு. அப்படின்னா இந்த வேலாண்டி நகல்."

"என்னது!" வேலாண்டி குதித்தார். "நான் பொறந்து அம்பத்திரண்டு வருஷமாச்சு! அது மூணு மாசத்துப் படம்வே!"

"நகல் பழசாகாதாக்கும்?"

வேலாண்டி முத்துப்பேச்சியிடம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது. "தாயி, நீ பொய் பேச மாட்ட. நீயே சொல்லு. நான் அசல்தானே?"

"சொல்லட்டும்" என்றார் மாசானம். "வேலாண்டி அசல்னா படம் நகல். நகல் அட்டையில ஏறாது. கையோட வாங்கிக்கிட்டுக் கிளம்புவோம்."

முத்துப்பேச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம். மனசுக்குள் கிணறு, மழை, எருமை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேலாண்டியை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீக மாமா. உங்களுக்கு மூக்கு சரியா வரல."

மலர் வந்தது. அட்டையில் முத்துப்பேச்சியின் படம், கீழே அவள் பெயர். ஊரே தடவிப் பார்த்தது. படிப்பகத்தில் எல்லாப் பிரதிகளையும் அலமாரியில் அடுக்கினார்கள். நகலை வெளியே அலையவிடுவது முறையில்லை என்று வேலாண்டியையும் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வைத்தார்கள்.

மறுநாள் அவர் சம்சாரம் மாடத்தி வந்து நின்றாள். "ஆடெல்லாம் கத்துது. மனுசன அனுப்புங்க."

"உறுப்பினர் அட்டை இருக்கா?" என்றார் ஆதிமூலம்.

"அதெல்லாம் எங்கிட்ட ஏது?"

"அப்ப இங்கேயே உக்காந்து பாத்துட்டுப் போ."

முத்துப்பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. தன் அட்டையை நீட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஏழு நாள் தவணை, ஓரம் கிழியாமல் திருப்பித் தரணும் என்று ஆதிமூலம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலையிலேயே மாடத்தி புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"இது நான் ஏற்கெனவே படிச்சதுதான் அண்ணாச்சி" என்றாள். "வேற ஏதாச்சும் இருக்கா?"