வீரபாகுவின் மூன்று மூச்சு

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு குள்ளநரி இருந்தது. அதன் பெயர் வீரபாகு. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். எதிரே ஒரு வெட்டுக்கிளி குதித்தாலே அது இரண்டடி பின்னால் குதிக்கும். வீரமெல்லாம் வாயில்தான். அந்த வாயோ மூடவே மூடாது. யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் புகுந்து மீதியைத் தானே சொல்லி முடித்துவிடும்.

கல்யாணத்தன்றும் அப்படித்தான். மாமியார் நரி, "மாப்பிள்ளை, ஆடி மாசம் நான் வர்றப்ப எனக்கு ஏதாவது..." என்று தொடங்கியதுதான் தாமதம்.

"காட்டுக்கோழி விருந்து! கொழுத்த கோழி! நானே பிடிச்சு உங்க இலையில வைக்கிறேன், அத்தை!" என்று முழங்கிவிட்டது வீரபாகு.

சபை கைதட்டியது. ஆனால் வீரபாகு பிறந்ததிலிருந்து ஒரு கோழியைப் பிடித்ததில்லை. காற்று கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்குக் கோழி இறகுகூட உண்டு.

வைகாசி பிறந்ததும் அதன் மனைவி மதுரவல்லி கறாராகச் சொல்லிவிட்டது.

"இங்க பாருங்க! ஆடியில அம்மா வரும். சொன்னபடி இலையில கோழி இல்லேன்னா என் மானம் போயிடும். அப்புறம் நானும் அம்மாகூடவே கிளம்பிடுவேன். ஆடிக்குப் போறவ ஆவணிக்குத் திரும்பிடுவான்னு கனவு காணாதீங்க!"

"அட, நீ ஏன் பயப்படுற? நான் யாரு..."

"நான் இன்னும் பேசி முடிக்கல!"

அதற்குள் வீரபாகு தன் வீரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மதுரவல்லி வளைக்குள் போய் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மதுரவல்லி இல்லாத வளையை வீரபாகுவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

குளத்தின் மறுகரையில் ஒரு பெரிய அரசமரம் இருந்தது. போன மழைக்காலத்தில் புத்த பிக்கு ஒருவர் அதன் அடியில் தங்கியிருந்தார். காலையில் கண்ணை மூடி அமர்வார். மெதுவாக நடப்பார். சாப்பிடும் முன் சோற்றையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். கிளையில் ஒரு சிறிய வெண்கல மணி கட்டியிருந்தார். அது ஒலித்தால், எந்த வேலையாக இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, மூன்று மூச்சு நிதானமாக விடுவார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மழை ஓய்ந்ததும் அவர் போய்விட்டார். மணி மட்டும் கிளையிலேயே இருந்தது.

பக்கத்திலிருந்து பார்த்த விலங்குகள் அத்தனையையும் பிடித்துக்கொண்டன. ஒன்றைக்கூட விடவில்லை. பாவம், அந்த மழையில் பிக்குவுக்கு ஓயாத சளி. மூன்று மூச்சு முடிந்ததும் இரண்டு முறை இருமுவார். அதுவும் தியானத்தில் சேர்த்தி என்று விலங்குகள் நினைத்துவிட்டன. ஆகவே மணி அடித்தால் மூன்று மூச்சு, அப்புறம் எல்லோரும் சேர்ந்து "லொக்! லொக்!"

அந்தக் கூட்டத்தை நடத்தியது செங்கமலம் என்ற காட்டுக்கோழி. மணிக்குக் கீழே தொங்கிய கொடியில் தாவி மணியடிப்பது மரகதம் என்ற அணில். எல்லோருக்கும் நடுவில் மலைபோல அமர்ந்திருப்பது ஓர் எருமை. அதற்குத் தங்கமயில் என்று பெயர். ஏன் என்று பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். தங்கமயில் இருமினால் குளத்தில் அலை எழும்.

புதருக்குள்ளிருந்து இதைப் பார்த்த வீரபாகுவுக்கு எச்சில் ஊறியது.

"மணி அடிச்சா கோழி கண்ணை மூடுது! அசையவே மாட்டேங்குது! இதைப் பிடிக்க வீரமே வேண்டாமே!"

மறுநாள் காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் முன் போய் நின்றது.

"செங்கமலத்தக்கா! எனக்கு மனசே சரியில்ல. அமைதி வேணும்!"

"அமைதியா, கறியா?" என்று கேட்டது அணில்.

"சீச்சீ! கறியா! அதை நான் கனவுலகூட..." என்று வீரபாகு தொடங்கியபோது அதன் வயிறு "கொர்ர்ர்ர்" என்றது.

"இடி இடிக்குது" என்று வானத்தைப் பார்த்தது தங்கமயில்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை செங்கமலத்துக்குத் தெரியாதா என்ன? அது நரியை மேலும் கீழும் பார்த்தது.

"வந்தவங்களைப் போன்னு சொல்ற வழக்கம் இங்க இல்ல. உட்காரு. ஆனா என் பக்கத்துல இல்ல. தங்கமயிலுக்கு அந்தப் பக்கம்!"

ஆக, கோழிக்கும் நரிக்கும் நடுவே ஓர் எருமை! வீரபாகு இதை எதிர்பார்க்கவில்லை. சந்தேகம் வராதபடி மெல்ல மெல்லத்தான் நெருங்க வேண்டும். அதுவரை நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டும்.

நடிப்பது லேசா? கண்ணை மூடினால் மூக்கு அரித்தது. மூக்கைச் சொறிந்தால் வால் அரித்தது. எறும்பு ஏறியது. மதுரவல்லியின் முகம் வந்தது. மாமியாரின் இலை வந்தது. கண்ணைத் திறந்தால் மற்ற எல்லோரும் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடியது.

மணி அடித்தால் நின்றது. மூன்று மூச்சு விட்டது. இருமியது. கிழங்கு கிடைத்தால் உடனே விழுங்காமல் எதிரே வைத்து, கூட்டம் சொல்லிக்கொடுத்தபடி, "இது எங்கிருந்து வந்தது? இதில் யார் யார் உழைப்பு இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டது. எருமைக்கு அந்தப் பக்கம் இருந்தது, வாரம் போகப் போக எருமையின் வாலுக்கு வந்தது. வாலிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. ஆடி பிறந்தபோது கோழிக்கும் அதற்கும் நடுவே நாலு முழம் வெறும் தரைதான்.

அன்று காகம் சேதி கொண்டுவந்தது. "வீரபாகு! உன் மாமியார் ஆற்றைத் தாண்டிட்டாங்க!"

இனிப் பொறுக்க முடியாது. மறுநாள் வீரபாகு கொடியின் நுனியை யாருக்கும் தெரியாமல் தன் வாலில் லேசாக முடிந்துகொண்டது. எல்லோரும் குளத்தங்கரையில் ஆளுக்கொரு வேலையாக இருந்தபோது வாலைச் சுண்டியது.

டிங்!

செங்கமலம் கண்ணை மூடியது. எல்லோரும் மூடினார்கள். வீரபாகு வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. பாதி வழியில் அதன் கால்கள் நின்றுவிட்டன!

"நடங்க! ஏய், நடங்க!" என்று மனசுக்குள் கத்தியது. கால்கள் கேட்டால்தானே? மணி அடித்தால் நிற்க வேண்டும் என்பது அவற்றுக்கு இப்போது நன்றாகத் தெரியும். கோழியின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில், வாயைத் திறந்தபடி, ஒரு காலைத் தூக்கியபடி, வீரபாகு மூன்று மூச்சு விட்டது. விட்டதோடு போனதா? கோழியின் காதுக்குள்ளேயே "லொக்! லொக்!" என்று இருமி வைத்தது.

செங்கமலம் கண்ணைத் திறந்தது. "என்ன வீரபாகு, இவ்வளவு பக்கத்துல?"

"ஈ! உங்க கழுத்துல ஒரு ஈ, அக்கா!"

"ஈயைப் பிடிக்க இவ்வளவு பெரிய வாயா?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. அன்று முழுதும் வீரபாகு யோசித்தது. மணிச் சத்தம் காதில் விழுந்தால்தானே கால் நிற்கும்? மறுநாள் இரண்டு காதிலும் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. கொடியை முன்போல வாலில் முடிந்துகொண்டது. வாலைச் சுண்டியது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள்!

வெற்றி! வீரபாகு பாய்ந்துபோய்க் கோழியின் முன்னால் நின்றது. கால் நிற்கவில்லை, இருமல் வரவில்லை. இனி ஒரே கவ்வுதான். வாயை வைக்கப் போகும்போது மனசு, "சாப்பிடறதுக்கு முன்னால பார்க்கணுமே!" என்றது.

வீரபாகு சப்பணமிட்டு உட்கார்ந்து கோழியைப் பார்த்தது.

"இது எங்கிருந்து வந்தது? முட்டையிலிருந்து. முட்டை? ஒரு தாய்க்கோழிகிட்ட இருந்து. பாவம், அது பட்டினி கிடந்து அடைகாத்திருக்கும். குஞ்சு பொரிச்சதும் புற்றைக் கிளறிக் கரையான் கொடுத்திருக்கும். மழை வந்தா இறக்கைக்குள்ள வச்சுக் காப்பாத்தியிருக்கும். அந்த மழை எங்கிருந்து..."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். நம் வீரபாகு தன் காதை அடைத்துக்கொண்டு, தான் பேசுவது ஊருக்கே கேட்காது என்று நினைத்துவிட்டது. மனசுக்குள் சொல்வதாக எண்ணி அத்தனையையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டமே கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது. அணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளையில் உருண்டது.

செங்கமலம் அலகை நீட்டி நரியின் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டது.

"எங்க அம்மாவைப் பத்தி நல்லாச் சொன்ன. அப்புறம்?"

வீரபாகுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அக்கா... உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே! கண்ணைத்தான் மூடுறோம், காதையா மூடுறோம்? உன் வயிறு தினமும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு தினமும் நடுக்கம்தான்."

"அப்ப ஏன் துரத்தல?"

"துரத்தினா புதருக்குள்ள இருப்ப. பக்கத்துல இருந்தா நீ மூச்சு விடுற சத்தமாவது கேக்கும்!"

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டது. அதன் வாழ்நாளில் முதல்முறையாக வெட்கப்பட்டது. அப்போது பார்த்துப் புதர் விலகியது. மதுரவல்லி வந்து நின்றது. பின்னாலேயே மாமியார்!

"அம்மா பொழுது விடிஞ்சதுலேருந்து காத்துக்கிட்டு இருக்கு. கோழி எங்க?" என்ற மதுரவல்லி, கணவனின் மூக்குக்கு நேரே இருந்த செங்கமலத்தைப் பார்த்துவிட்டது. "வாய்க்கு முன்னால கோழியை வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டா இருக்கீங்க? தள்ளுங்க! நானே பிடிக்கிறேன்!"

மதுரவல்லி பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் அரண்ட அணில் கிளையிலிருந்து வழுக்கிக் கொடியில் விழுந்தது.

டிங்!

எல்லோரும் நின்றார்கள். கண்ணை மூடினார்கள். துள்ளி எழுந்த வீரபாகுவின் கால்களும் நின்றன. மதுரவல்லி மட்டும் நிற்கவில்லை. அது ஒருநாளாவது இங்கே உட்கார்ந்திருந்தால்தானே!

வீரபாகுவின் மனசு பதறியது. கோழி செத்தால் மனைவி வீட்டைவிட்டுப் போகாது. மாமியார் முகம் மலரும். இரண்டு மாதப் பாடும் பலிக்கும். ஆனால் கால்தான் நின்றதே தவிர வாய் நிற்கவில்லை.

"அக்கா, ஓடு!" என்று கத்திவிட்டது.

"ஓடியாச்சு!" என்று பதில் மேலேயிருந்து வந்தது. செங்கமலம் எப்போதோ கிளையில் ஏறியிருந்தது.

"மணி அடிச்சதே! மூணு மூச்சு?"

"நரி வந்தா முதல்ல பறக்கணும். மூச்சை இங்க உக்காந்து விட்டுக்கிறேன்!"

கோழி இருந்த இடத்தைத் தாண்டிப் பாய்ந்த மதுரவல்லி தங்கமயிலின் முதுகில் தொப்பென்று விழுந்தது. தங்கமயில் அசையவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. ஒரு மூச்சு விட்டது. இரண்டாவது மூச்சு விட்டது. மூன்றாவதையும் நிதானமாக விட்டது.

பிறகு, "லொக்! லொக்!"

முதல் இருமலில் மதுரவல்லி ஆகாயத்துக்குப் போனது. இரண்டாவதில் குளத்துக்கு நடுவே போய் விழுந்தது.

தலையில் அல்லி இலையோடு கரையேறியதும் ஆரம்பித்தது. "நீங்களும் ஒரு நரியா? உங்க வாய்ச்சவடாலை நம்பி..."

வீரபாகு குறுக்கே பேச வாயைத் திறந்தது. கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

டிங்!

திறந்த வாய் மூடிக்கொண்டது. வீரபாகு நின்று மூச்சு விட்டது. மதுரவல்லி திட்டியது. கல்யாணத்தில் ஆரம்பித்து, வளை ஒழுகியது, முயலைத் தவறவிட்டது, ராத்திரி குறட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டியது. மூச்சு முடிந்த பிறகும் வீரபாகு குறுக்கே பேசவில்லை. எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்கப் பாவம் மதுரவல்லி என்று தோன்றியது.

கடைசியில் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"லொக்! லொக்!" என்றது வீரபாகு.

மதுரவல்லி திருதிருவென்று விழித்தது. "என்னங்க... நான் பேசி முடிச்சிட்டேனா?"

"முடிச்சிட்ட போல இருக்கே."

"கல்யாணமானதுலேருந்து இப்பத்தான் ஒரு பேச்சை முடிச்சிருக்கேன்!" மதுரவல்லியின் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு முன்னாடி கோழி எந்த மூலைக்கு? நான் உங்களை விட்டுட்டுப் போகல!"

"அப்படின்னா நானும் என் பேச்சை முடிச்சுக்கிறேன், மாப்பிள்ளை" என்று முன்னால் வந்தது மாமியார். "கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்சது. ஆடியில வர்றப்ப எனக்கு ஏதாவது மெத்துன்னு பழமா வையுங்க, கோழி கீழி வேண்டாம்னு சொல்ல வந்தேன். எனக்குத்தான் பல்லே இல்லையே!"

வாயைத் திறந்து காட்டியது. உள்ளே ஈறுதான் இருந்தது.

"ரெண்டு மாசமா நான் நடுங்கினது இதுக்குத்தானா!" என்று கிளையிலிருந்து செங்கமலம் கத்தியது.

அணில் நாவல் மரத்தை உலுக்கியது. பழம் மழையாகக் கொட்டியது. மாமியார் நாக்கு ஊதாவாகும்வரை தின்றது. மதுரவல்லி வழக்கப்படி ஆடிக்குத் தாய்வீடு போனது. ஆவணி பிறந்த அன்றே திரும்பி வந்துவிட்டது. வீரபாகு தினமும் கூட்டத்துக்குப் போனது. செங்கமலம் மட்டும் நடுவில் எருமையை மறுபடியும் உட்காரவைத்துவிட்டது. நம்பிக்கை வேறு, கழுத்து வேறு அல்லவா?

நீதி: ஊரை ஏமாற்றப் பழகினாலும், நல்ல பழக்கம் பழகியவனை விடாது.