சூரியன் பக்கம் போன பாதி

வானத்திலிருந்து விழுந்த கற்களுக்கு ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. கல்லைப் பொடித்துச் சூடாக்கினால், காலமெல்லாம் விண்வெளிக் கதிர்களிடம் வாங்கிச் சேர்த்த ஒளியை ஒரே ஒரு தடவை விட்டுவிடும். ஒளி இல்லையென்றால், அந்தக் கல் அண்மையில் எங்கேயோ சூடுபட்டிருக்கிறது.

கூடத்தை நடத்தியவர் பூரணி. அவரிடம் மாணவராய்ச் சேர்ந்த இன்னாசிமுத்து, நெடுங்காலம் கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டு வந்தவர். அதனால் பூரணிக்கு அவர் 'சார்'தான்.

ஒருநாள் இன்னாசி வைத்த பொடி ஒளிரவே இல்லை. "இந்தக் கல்லு சூரியனை ஒட்டிப் போயிட்டு வந்திருக்கு" என்றார். கூடமே கைதட்டியது. மறுநாள் ஆய்வாளர்கள் கூடும் பெரிய சபையில் அதைச் சொல்ல வேண்டும்.

மாலையில் பூரணி அவரைச் சிவப்பு விளக்கு அறைக்கு அழைத்தார். வெள்ளை வெளிச்சம் பட்டால் பொடியின் ஒளி கசிந்துவிடும். அங்கே எப்போதும் சிவப்புதான்.

"அதே கல்லோட மிச்சத் துண்டு சார். நானே பொடிச்சேன். நீங்க அளங்க."

இன்னாசி பொடியைக் கருவியில் வைத்துச் சூடாக்கினார். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு மலைபோல் எழுந்தது.

"கூத்தைப் பாருங்க" என்றார் பூரணி. "ஒரே கல்லு. பாதி சூரியன் பக்கம் போயிருக்கு, பாதி வீட்டோட இருந்திருக்கு."

இன்னாசி மிச்சப் பொடியை மூடி வைத்தார்.

"எந்தச் சூரியன் சார்?"

"நம்ம ஓவன்தான் மேடம். மழை ஈரத்துல பொடி கட்டிப்போச்சு. காயட்டும்னு வச்சேன். எவ்வளவு சூட்டுல இருக்குன்னு பார்க்கலை."

"எப்ப தெரிஞ்சது?"

"கைதட்டுறதுக்கு முன்னாடியே."

சிவப்பு விளக்கு அவர் முகத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. குரல் காட்டிக்கொடுத்தது.

"நாளைக்குச் சபையில நானே சொல்லிடுறேன் மேடம்."

"சொல்லுங்க."

"நான் பாடம் நடத்தின பசங்களும் வருவாங்க."

"வரட்டும்."

கெட்டுப்போன அந்தப் பொடிக் கிண்ணத்தை எடுத்தார் இன்னாசி. "இதைக் கொட்டிடவா? இனி ஒண்ணுக்கும் ஆகாது."

பூரணி கிண்ணத்தின்மேல் கை வைத்தார்.

"கல்லு பிறந்த காலத்துல பட்ட சூட்டை அளக்கணும்னா முதல்ல என்ன செய்வோம் சார்?"

"சேர்த்து வச்ச ஒளியெல்லாம் போறவரைக்கும் சூடாக்கிக் காலி பண்ணுவோம். அப்புறம் நாமளே கொஞ்சம் கதிர் காட்டி, எவ்வளவு ஒளி திருப்பித் தருதுன்னு பார்ப்போம்."

பூரணி கிண்ணத்தை அவர் பக்கமே நகர்த்தினார்.

"அப்ப பாதி வேலை முடிஞ்சிருக்கு."