எண்பத்தொன்று போதுமா?

நெல்லிமலை அடிவாரத்தில் ஒரு வைத்தியக் கல்லூரி இருந்தது. எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான். அதில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று தவித்தவர்களில் கொம்பையா அண்ணாச்சியும் ஒருவர்.

அண்ணாச்சிக்கு நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம் என்று மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் மூக்குக்கு ஒரு கூர்மை வந்துவிட்டது. மருந்து விற்றால் மட்டும் போதுமா, வைத்தியமும் பார்க்க வேண்டாமா என்ற ஆசை, காதோரம் நரைக்கிற வயதில் வந்தது. வந்த ஆசையை என்ன செய்ய? மத்தியானத்துக்கு மேல் கடையை மனைவி உலகம்மையிடம் விட்டுவிட்டுத் தாணுலிங்க ஆசானிடம் பாடம் கேட்கப் போவார்.

ஆசான் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் குரு சீடனை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘ஆசானே’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வராது.

கல்லூரிக்குள் போக இரண்டு படி ஏற வேண்டும். முதல் படி பரீட்சை. கண்ணைக் கட்டி உட்காரவைத்து, நூறு சரக்கை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவார்கள். மோந்து பெயர் சொல்ல வேண்டும். இரண்டாவது படியில், ஒரு நோயாளி இருக்கிற அறைக்குள் தனியாக அனுப்புவார்கள். மணி அடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான், வேறு கேள்வியே கிடையாது.

போன தையில் அண்ணாச்சி பரீட்சையில் எண்பத்தொன்று வாங்கினார். நோயாளி அறையிலும் வெளுத்துக் கட்டிவிட்டதாகத்தான் அவர் நினைப்பு. ஆனால் சேர்த்துக்கொண்டவர்கள் பெயரை வாசித்தபோது அவர் பெயர் வரவில்லை. அறுபத்தைந்து வாங்கிய ஒருவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இதோ, மறுபடியும் தை வரப்போகிறது. வயது நாற்பது தாண்டினால் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். அண்ணாச்சிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பழைய எண்பத்தொன்றைச் சொல்லியே மறுபடி இடம் கேட்கலாம். இல்லையென்றால் புதிதாகப் பரீட்சைக்கு உட்காரலாம். உட்கார்ந்தால் பழைய மார்க்கு அழிந்துவிடும், புதிதாக வாங்குவதுதான் செல்லும். தொண்ணூறும் வரலாம், ஐம்பதும் வரலாம். அன்றைக்கென்று ஒரு சளி பிடித்தால் அதோடு போச்சு.

உட்காருவதா, வேண்டாமா? அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனைக்கு என்ன, காசா பணமா? துணிந்து உட்காரச் சொன்னான் மச்சினன். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போக வேண்டாம் என்றார் முடிவெட்டுகிறவர். அண்ணாச்சி இரண்டு பேருக்கும் தலையாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மோந்து பழகவும் செய்தார். ஒருநாள் உலகம்மை வைத்த ரசத்தை மோந்து, அதில் போட்டது அத்தனையும் வரிசையாகச் சொல்லி, பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடிப்போச்சு என்றும் சொல்லிவிட்டு, குடிக்க மறந்து எழுந்துபோனார்.

“நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல, இவரு வைத்தியராவப் போறாராம்” என்று உலகம்மை ரசத்தை மூடிவைத்தாள்.

கடைசியில் அண்ணாச்சி ஆசானிடமே போய் நின்றார். ஆசான் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வது, அதற்கு மேல் யோசிப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனார்.

“ஆசானே, மறுபடி பரீட்சைக்கு உக்காரட்டுமா, வேண்டாமா?”

ஆசான் நோயாளிகள் உட்காருகிற பாயைக் கையால் காட்டினார். அண்ணாச்சி உட்கார்ந்தார். ஆசான் உள்ளே போய் ஒரு தம்ளர் நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்து நீட்டினார். குரு கொடுத்ததை மறுக்க முடியுமா? அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்தார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

“சரியாயிட்டா?” என்றார் ஆசான்.

“எது ஆசானே?”

சரியாகவில்லை என்று ஆசான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு தம்ளர் கொண்டுவந்தார். இது முந்தியதைவிடக் கெட்டி. இதிலே ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அண்ணாச்சி அதையும் குடித்துவைத்தார். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ஆசான் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். இன்னும் சரியாகவில்லையே என்று வருத்தப்பட்டார். அடுத்த தம்ளரோடு வந்தபோது கஷாயம் கஷாயமாகவே இல்லை, களி மாதிரி இருந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

“நாடி பாக்கல, நாக்கப் பாக்கல, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. சரியாகல சரியாகலன்னு அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சி ஊத்துனா எப்படி ஆசானே? என்ன நோய்னே உங்களுக்குத் தெரியாதே!”

ஆசான் தம்ளரைக் கீழே வைத்தார்.

“போன வருசம் உங்கள எதுக்கு வேண்டாம்னாங்க அண்ணாச்சி?”

மார்க்கு போதவில்லை என்று சொல்லத்தான் அண்ணாச்சி வாயெடுத்தார். அறுபத்தைந்து வாங்கியவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனது ஞாபகத்துக்கு வந்தது. எடுத்த வாயை மூடிக்கொண்டார். ஒரு வருடமாக ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் யோசனை கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மலையடிவாரக் கல்லூரிக்கு நடந்தார். எதற்கு வந்தீர்கள் என்று வாசற்காவலர் கேட்டார். சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இடம் கிடைக்காதவர்கள் வந்து திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றிவிட்டுக்கூடப் போயிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க ஒருத்தரும் வந்ததில்லையாம். அவரே கூட்டிக்கொண்டு போய்த் தலைமை வைத்தியர் ஆவுடையம்மையிடம் விட்டார்.

ஆவுடையம்மைக்கு ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முட்டுவலிக்காரரைப் பார்த்தவர்தானே என்றார். அவரேதான். போன தையில் நோயாளி அறையின் கதவைத் திறந்ததுமே அண்ணாச்சிக்குத் தைல வாசம் அடித்தது. இன்ன தைலம், அப்படியானால் இன்ன வாதம் என்று கண்டுபிடித்து, மருந்து, அளவு, பத்தியம் எல்லாவற்றையும் நின்ற மேனிக்கே ஒப்பித்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். மணி அடிக்க வெகுநேரம் இருந்தது. அந்த வேகத்தைத்தான் வருடம் முழுக்க ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னதுல எதுவும் தப்பாம்மா?”

“ஒரு பிசகும் இல்ல.”

“பின்ன மார்க்கு பத்தலியோ?”

அறுபது வாங்கினால் நோயாளி அறையின் கதவைத் திறப்போம், அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் திறப்பது அதே கதவைத்தான் என்றார் ஆவுடையம்மை. அப்புறம் கொஞ்சம் தயங்கினார். கேட்க வந்தவரிடம் மறைப்பது நியாயமில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

“நீங்க போனப்புறம் அந்த முட்டுவலிக்காரர்கிட்ட கேட்டோம். அவர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா என்னய மட்டும் அவர்கிட்ட அனுப்பிராதீங்கன்னார்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தை அண்ணாச்சிக்கு முள்ளாகக் குத்தியது. அவமானமாக இருந்தது. அந்த மனிதரின் முகத்தை நினைத்துப் பார்த்தார், வரவில்லை. தைலத்தின் வாசம் மட்டும்தான் வந்தது. கடையிலும் இத்தனை வருடமாக அதே கதைதானே. வலி என்று ஒருவர் வாய் திறப்பதற்குள் பொட்டலம் கைக்குப் போய்விடும், அடுத்த ஆள் முன்னால் வந்துவிடுவார். நல்ல கடைக்காரர் என்று அதற்குத்தான் பேர் வாங்கியிருந்தார்.

நேரே ஆசானிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“பரீட்சை வேண்டாம் ஆசானே. அது தெளிஞ்சுபோச்சு. இனி எதப் பழகணும், அதச் சொல்லுங்க.”

“கடை வாசல்ல ஒரு முக்காலி போடுங்க.”

“வாரவங்க உக்காரவா?”

“நீங்க உக்கார.”

அண்ணாச்சி முக்காலி வாங்கிப் போட்டார். சரக்கு கேட்டு வருகிறவரை வாசல் பலகையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளேயிருந்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காருவதில் கஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதில்தான் உயிர் போயிற்று. இருமல் என்றதும் ஆடாதொடை என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். முதல் வாரம் பத்துக்கு எட்டு தடவை உளறிவிட்டார். அப்புறம் வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துப் பார்த்தார். அது கொஞ்சம் பலித்தது.

ஆனால் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அண்ணாச்சி காது கொடுக்கிறார் என்று தெரிந்ததும் மிளகு வாங்க வந்தவர் மருமகன் கதையைச் சொன்னார். கசகசா வாங்க வந்தவர் ஒன்றுமே வாங்காமல் ஒரு மணிநேரம் பேசிவிட்டு, மனசு லேசாயிட்டு என்று எழுந்து போனார். இப்படியே போனால் கடையை மூடிவிட்டுச் சாவடி நடத்தலாம் என்று உலகம்மை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். சொன்னாளே தவிர, வருகிறவர்களுக்குச் சுக்குத் தண்ணியும் அவள்தான் கொடுத்தனுப்பினாள்.

தை வந்தது. அண்ணாச்சி பரீட்சைப் பக்கமே போகவில்லை. பழைய எண்பத்தொன்றைச் சொல்லி நேரே இரண்டாவது படிக்குப் போய் நின்றார். இந்த முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வெளுத்த முகத்தோடு ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெயர்களை மறுநாள் காலையில்தான் வாசிப்பார்கள். ஆனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துபோயிற்று.

“கெடுத்துட்டேன் ஆசானே.”

என்ன நடந்தது என்று கேட்டார் ஆசான். அண்ணாச்சி சொன்னார். உள்ளே இருந்தது சீனியம்மாள் என்று ஒரு அம்மா. கோழி யாவாரம். என்ன செய்கிறது என்று கேட்டதும் தலைசுற்றல் என்று ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது எங்கெங்கோ போய்விட்டது. ஆசையாக வளர்த்த சேவலை நாத்தனார் கேட்காமல் விருந்துக்கு அடித்துவிட்டாளாம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லையாம். அடுப்படி ஒன்று என்பதால் ராத்திரிச் சோற்றை இந்த அம்மா விட்டுவிட்டார்களாம், விட்டு மாசம் ரெண்டாச்சாம். சேவல் எப்படிக் கூவும் என்று கூவியே காட்டினார்கள். அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாவும் சிரித்தார்கள், சிரிக்கும்போதே அழுதார்கள். அழுது முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

“நோய்க்கு ஒரு பேர் சொல்லல ஆசானே. ஒரு மருந்து சொல்லல. மொதல்ல ராத்திரி ஒரு வாய் சாப்பிடுங்கம்மான்னுதான் சொல்ல முடிஞ்சுது. இத்தனை வருசத்துல, மோந்து பாக்கணும்ங்கிற நெனப்பே வராம இருந்தது இன்னைக்குத்தான். வெறும் கதை கேட்டுட்டு வந்துட்டேன்.”

ஆசான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வெளிய வரும்போது அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?”

“என்னத்தச் சொல்ல, கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் சந்தைக்கு வரும்போது நீங்க இங்கதான இருப்பீங்கன்னு கேட்டாங்க.”

“அப்பக் கல்லூரிக்குப் பெட்டியக் கட்டுங்க அண்ணாச்சி” என்றார் ஆசான்.