பதினாலு நாளில் வெளுக்கும்

பென்னாகரம் போகிற சாலையில் ஒரு மடம். அங்கே ஒரே ஒரு கட்டளைதான். அமாவாசை அன்று சோறு போடுகிறவர், உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்டி சாய வேண்டும்.

மடத்தின் குரு பூங்காவனத்தம்மா. சீடர் மாதம்மாளுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மாதம்மாள் விறகு பிளப்பாள், மாவரைப்பாள், எந்த வேலைக்கும் சுணங்க மாட்டாள். ஆனால் பல்லில் பழுப்புக் கோடுகள். சிரிக்கும்போது முந்தானை வாய்க்கு வந்துவிடும்.

முதன்முதலாக அவள் கையில் கரண்டி வந்த அமாவாசையிலும் அப்படித்தான் ஆனது. கல் உடைக்கிற சென்றாயன் வேலையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் கல்தூசி. மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்ததைப் பார்த்தார். தன் கையை ஒருமுறை மோந்து பார்த்தார். இலையில் உப்பு மட்டும் இருந்தது.

"எங்க வேர்வை நாத்தம் உனக்கு ஆகல போல, தாயி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பூங்காவனத்தம்மா அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"அடுத்த அமாவாசைக்கும் நீதான் போடணும். அவர் அன்னிக்கும் பசியோட போனா, கரண்டிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

மாதம்மாள் கரண்டியை விடுவதாக இல்லை. டவுனில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ஒரு பேஸ்ட் வாங்கி வரச் சொன்னாள். அட்டைப் பெட்டியில் பதினாலு நாளில் பல் வெளுக்கும் என்று போட்டிருந்தது. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் அழுத்தித் தேய்த்தாள். ஐந்தாம் நாள் நுரையில் ரத்தம் வந்தது. மோர் குடித்தால் பல் கூசியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று நினைத்தாள். பழுப்புக் கோடுகள் அப்படியே இருந்தன.

"அம்மா, இது வெளுக்குமா வெளுக்காதா?"

"எனக்கும் கொஞ்சம் குடு, பாக்கலாம்" என்றார் பூங்காவனத்தம்மா.

அவர் வாய் எப்போதும் வெற்றிலைச் சிவப்பு. வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். பட்டாணி அளவு பேஸ்ட் எடுத்து, காலையும் ராத்திரியும் பூப்போலத் தேய்த்தார். பதினாலாம் நாள் மாதம்மாளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். இடுக்கில் கறுப்பு நின்றிருந்தது. முன்பல் மட்டும் நன்றாக வெளுத்திருந்தது.

மாதம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அதே பேஸ்ட், நான் ரத்தம் வரத் தேய்த்தேனே, உங்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்டாள்.

பூங்காவனத்தம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். அவள் எதிரிலேயே வெற்றிலை போட்டார். பேஸ்டையும் நிறுத்தவில்லை. நாலைந்து நாளில் சிவப்பு மெல்ல ஏறிவிட்டது.

"என்னுது வெத்தலையில வந்தது" என்றார். "உன்னுது?"

"எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி. பால்பல் விழுந்து முளைக்கும்போதே இப்படித்தான் முளைச்சுது. ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

பூங்காவனத்தம்மா மிச்சம் இருந்த பேஸ்டைப் பிதுக்கி மடத்துப் பித்தளை மணியைத் துலக்க உட்கார்ந்தார். மணி பளபளவென்று ஆனது.

அமாவாசை வந்தது. சென்றாயன் வருவாரா என்று மாதம்மாள் காத்திருக்கவில்லை. விடிந்ததும் கல்குவாரிக்கு நடந்தாள். பள்ளத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானையை வாயில் வைத்தபடி இரண்டு முறை கூப்பிட்டாள். சம்மட்டிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினாள். வாயை முழுசாகத் திறந்து கத்தினாள்.

"சென்றாயண்ணே, சாப்பிட வாங்க."

சென்றாயன் நிமிர்ந்தார். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சிரித்தார். அவர் பல்லிலும் அதே பழுப்புக் கோடு.

"எந்த ஊர்க் கிணறு தாயி உன்னுது?" என்று கேட்டார்.

அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு கம்மி என்றும் சொன்னார்.

இலை எடுத்த பிறகு மாதம்மாள் குருவிடம் வந்தாள். சென்றாயண்ணன் பல்லும் இப்படித்தான் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டாள்.

பூங்காவனத்தம்மா கரண்டியைக் கழுவி அவள் கையில் கொடுத்தார்.

"பதினோரு வருஷமா வர்றார். என்கிட்ட ஒரு நாளும் சிரிச்சதில்ல" என்றார்.