பங்கீட்டு வேட்டி போட்ட முழுக்கு

ஆனைவாரி நாட்டில் சண்டை வந்தாலும் வந்தது, துணிக்கு அப்படியொரு பஞ்சம்! நூலெல்லாம் படைக் கூடாரத்துக்குப் போய்விட்டது. மக்களுக்கு ஆளுக்கொரு துணி என்று அரண்மனையில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வாங்கும்போது மொடமொடவென்று இருக்கும். எல்லாம் கஞ்சியின் உபயம். நூல் பேருக்குத்தான்.

சலவைக்காரர் இருளப்பன் நாற்பது வேட்டிகளை ஆற்றில் நனைத்தார். நாற்பது வேட்டிக்கரைகள்தான் கைக்கு வந்தன.

"திருடிவிட்டான்!" என்று குதித்தார் துணி அதிகாரி தாண்டவராயர். "என் துணி ஏழு வருஷம் உழைக்கும். குறை சொல்பவன் ராஜத்துரோகி!"

ராஜா செங்கோடர் அதை நம்பி, இருளப்பனைச் சிறையில் போட்டார். மறுநாள் மாலை நாடு கடத்தச் சொல்லி உத்தரவு.

அவை விகடன் கூத்தபிரானுக்கு மனசு பொறுக்கவில்லை. பாவம், இருளப்பன் பொய் சொல்லவே தெரியாத மனுஷர். ஆனால் துணியைக் குறை சொன்னால் தானும் துரோகி. அதனால் அவன் புகழ ஆரம்பித்தான்.

"மகாராஜா, என்ன துணி! என்ன துணி! நாளைக் காலைத் தீர்த்தவாரியில் தாண்டவராயரே முதல் முழுக்குப் போடட்டும். கோவணத்திலிருந்து மேல்துண்டு வரை அவருடைய துணியாகவே கட்டட்டும். ஊரே பார்த்துப் பூரிக்கட்டும்!"

தாண்டவராயர் திருதிருவென்று விழித்தார். "எனக்கு லேசாக ஜலதோஷம்..."

"ஏழு வருஷத் துணிக்குள் குளிர் எப்படி ஐயா நுழையும்?"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

காலையில் மேளம் முழங்க, தாண்டவராயர் கோயில் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி முங்கினார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவரைச் சுற்றித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

"ஏறி வாரும்!"

"இன்னும் ஒரே ஒரு முழுக்கு, மகாராஜா!"

ஒன்று ஒன்பதாயிற்று. ஒன்பது இருபதாயிற்று. பல் கிடுகிடுத்தது. மேளக்காரர் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். கரையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இவருக்கு என்ன வந்தது?" என்று ராஜா சீறினார்.

கூத்தபிரான் கைகூப்பினான். "கோபிக்காதீர்கள் மகாராஜா. அவருடைய வேட்டியையும் யாரோ திருடிவிட்டார்கள். இருளப்பனோ சிறையில் இருக்கிறார். உடனே வலை வீசச் சொல்லுங்கள், குளத்து மீன்களை எல்லாம் நாடு கடத்திவிடலாம்!"

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதே இருளப்பனை விடுவித்து, துணிக்கிடங்குச் சாவியை அவர் கையில் கொடுத்தார். கூத்தபிரானுக்கு முத்துமாலை கிடைத்தது. தாண்டவராயருக்கு ஒரு வாழையிலை கிடைத்தது.