மூன்றாவது சிலிண்டருக்குப் பதினொன்று

"நாலும் சமம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க."

கோகிலவாணி இதைச் சொல்வது அன்று நாலாவது தடவை. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அழுதிருந்தாலாவது வேலாயுதசாமி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை.

வேலாயுதசாமி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், சிங்காநல்லூரில் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஜெசிந்தாவிடம் போய் மூன்று மாதம் என்ஜின் படித்தார். அவளுக்கு அவர் மகள் வயதுதான். நாலாவது மாதமே 'பழைய கார் ஆலோசகர்' என்று லெட்டர்பேடு அச்சடித்துவிட்டார். சிலருக்கு அச்சடித்தால்தான் படித்தது செரிக்கும்.

அந்த லெட்டர்பேடில்தான் கோகிலவாணிக்கும் எழுதிக் கொடுத்தார். என்ஜினின் கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரிலும் அழுத்தம் சமம், தயங்காமல் வாங்கலாம். கீழே கையெழுத்து. அதற்கும் கீழே ரப்பர் ஸ்டாம்ப் வேறு.

அவள் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கார் வாங்கியதே அதற்குத்தான். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை; செவ்வாய்க்கிழமை மேம்பாலம் ஏறும்போது இழுக்க முடியாமல் புகையைக் கக்கி நின்றது. அன்றைய முறை தவறிப்போனது. புதன்கிழமை விடிவதற்குள் மனிதருக்கு மூச்சு முட்டி, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார்.

காரை ஜெசிந்தாவின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

வேலாயுதசாமி ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"அழுத்தம் காட்டற கேஜ் பொய் சொல்லுமா டீச்சர்?"

'டீச்சர்' என்பதைக் கிண்டலாக ஆரம்பித்தவர், பிறகு அப்படியே பழகிவிட்டார்.

"சொல்லாதுங்ணா."

"அப்ப நான் எழுதினதும் தப்பில்ல. வாங்கினப்புறம் ஓட்டின விதத்துலதான் என்னவோ ஆயிருக்கோணும்."

கோகிலவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்குச் செஞ்ச மாதிரியே ஒருக்கா செஞ்சு காட்டுங்ணா."

செய்தார். என்ஜினைத் தள்ளாடித் தள்ளாடி ஓடவிட்டுச் சூடாக்கினார். நாலு ப்ளக்கையும் கழற்றினார். பெட்ரோலை நிறுத்தினார், கரண்டை நிறுத்தினார். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க ஜெசிந்தாவை உட்காரச் சொன்னார். குறை சொல்ல இடமில்லை.

ஜெசிந்தா ஓட்டுநர் இருக்கையில் சாவியோடு உட்கார்ந்தாள். கோகிலவாணியைப் பக்கத்து இருக்கைக்குக் கூப்பிட்டு, ஒரு டப்பா நட்டுகளை அவள் மடியில் வைத்தாள்.

"ஒவ்வொரு தடவை என்ஜின் முக்கறப்பவும் ஒரு நட்டு எடுத்து முன்னால வெய்யுங்கக்கா. சிலிண்டருக்கு ஒரு குவியல்."

திறந்த பானெட்டுக்குப் பின்னால், முதல் சிலிண்டரின் ப்ளக் ஓட்டையில் கேஜைச் செருகிப் பிடித்து நின்ற வேலாயுதசாமிக்கு இது தெரியாது.

அவர் "ம்" என்றதும் சாவி திரும்பியது. என்ஜின் முக்கியது, முக்கியது, முக்கிக்கொண்டே இருந்தது. "போதும்" என்றார். முள் நூற்றெழுபதில் நின்றது.

இரண்டாவது. "போதும்." நூற்று அறுபத்தைந்து.

மூன்றாவதில் முள் சோம்பலாக ஏறியது. ஆனாலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. "போதும்." நூற்று அறுபது.

நாலாவது. "போதும்." நூற்றெழுபது.

"பார்த்தீங்களா? இன்னிக்கும் சமம்தான்" என்றார், குரலை வேண்டுமென்றே உயர்த்தி.

அவர் சுற்றி வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நாலு குவியல் நட்டுகள்.

ஆறு. ஆறு. பதினொன்று. ஆறு.

"இது என்ன டீச்சர்?"

அவர் விரல் வைத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். முப்பத்தைந்து வருஷம் நோட்டு எண்ணிய விரல், தப்பாது.

அன்றைக்கு இந்தப் பெண்மணி, "உங்களை நம்பித்தான் சார் வாங்கறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. மூன்றாவதுக்கு வந்தபோது 'போதும்' என்கிற வார்த்தை வாயை விட்டு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

"மறுபடி மூணாவது. இப்ப ஆறுல நிறுத்துங்ணா."

நிறுத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவுங்ணா?"

"நூத்திப் பத்து."

"பிஸ்டன் ரிங் தேஞ்ச சிலிண்டர் முக்கி முக்கித்தான் ஏறும். எல்லாத்துக்கும் ஒரே கணக்கா ஆறு. மொத மாசமே உங்க நோட்டுல எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கேன். ஆனா தெரிஞ்சு செய்யல டீச்சர். சத்தியமா தெரிஞ்சு செய்யல."

"தெரியுங்ணா. இதுவரைக்கும் எத்தன வண்டிக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"இருபத்தி மூணு."

"அதுல எத்தன சமம்?"

வேலாயுதசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை.

கோகிலவாணி கைப்பையைத் திறந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். பிரித்தாள். அந்த லெட்டர்பேடு, அந்தக் கையெழுத்து, அந்த ஸ்டாம்ப். வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டுகளோடு அதையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

குவியல்களுக்கு முன்னால் அதை விரித்து, மூன்றாவது குவியலிலிருந்து ஒவ்வொரு நட்டாக எடுத்து அதன் மேல் வைக்க ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆறு வந்ததும் அவள் கை நிற்கும் என்று அவர் காத்திருந்தார். நிற்கவில்லை.

ஏழு. எட்டு.

"அம்மிணி" என்றார் வேலாயுதசாமி. "அந்தக் காயிதத்த எங்கிட்டயே குடுத்துருங்க."

ஒன்பது.